வெற்பழகருக்கு நாம் சமைத்த உள்மாளிகை

கொற்றம் நம் வாயிலில் நிலைபெறுக; பணிந்தோர் வயல் விளைக.

ஏழு கணவாய்க்கும் காவலராய், பகைவர் முடிமேல் அடிவைத்து வீற்றிருக்கும் குடவரைப் பெருவேந்தர் எயினமல்லராகிய யாம், பூந்துறை நாட்டு அரசமாதேவி செங்காந்தளார்க்கு விடுக்கும் ஓலை. தேவியாரும், தேவியாரின் கோட்டையும், துறைமுகத்து நாவாய்களும், நம் வாள் உறையில் உறங்கும் காலமெல்லாம் இனிது வாழ்க.

உம் கணவர் வெற்பழகரை மீட்கவென்று உம் படை நம் எல்லையில் திரண்டிருப்பதாக ஒற்றர் வந்து சொன்னார்கள். அவ்வுழைப்பு உமக்கு வேண்டா. இவ்வோலையோடு அவரையே அனுப்பிவைக்கிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், கருமணல் போர்க்களத்தில் அவர் பிடிபட்டபோது தேவியார் நமக்கு எழுதினீர்: அவரை நிலவறையில் இடாது, அரசர் தங்கத்தக்க மனையொன்று அளிக்கவேண்டும் என்றும், அதன் உட்புறத்தை வகுக்க உம் அரண்மனைத் தச்சன் செய்யான் என்பவனை அனுப்புவதாகவும் வேண்டினீர். அவ்வேண்டுகோளுக்கு இசைந்தோம்.

தச்சன் என்றால் வந்தவுடன் உளியை எடுப்பான் என எண்ணியிருந்தோம். செய்யானோ பத்து நாள் உம் கணவரோடு அமர்ந்து பேசிக்கொண்டிருந்தான். இதென்ன வீண்பொழுது என்று வினவியதற்கு, "பெருமானே, வெளிச்சுவர் ஊர் பார்ப்பதற்கு, உட்புறம் உள்ளே வாழ்பவருக்கு. அவர் உடம்பையும் பழக்கத்தையும் அறியாமல் முதற்கோடு இழுக்கலாகாது" என்று விடை பகர்ந்தான்.

அவர் நின்றால் எவ்வளவு உயரம், கை தூக்கினால் எவ்வளவு, நடந்தால் எத்தனை அடிக்கொருமுறை திரும்புவார் என்று கயிறு பிடித்து அளந்தான். இடத்தோளில் பழைய அம்புத் தழும்பு உண்டு, அப்பக்கம் சாய்ந்து படுக்கமாட்டார். காலை வெயில் முகத்தில் விழுந்தால்தான் எழுவார். நீரைக் கண்ணால் பார்த்தபடி உண்ணவேண்டும். அனைத்தும் நண்பனிடம் சொல்வதுபோல் உம் கணவரே சொன்னார்.

பின்பு தரையில் கரியால் எழுதி எழுதி அழித்தான். மனம் நிறைந்ததைக் கஞ்சியிட்ட துணியில் வரைந்தான். முதல் துணியில் கூரையைக் கழற்றிவிட்டுப் பறவை நோக்கினாற்போல் அறையின் கிடை தெரிந்தது. அடுத்ததில், சுவரை நெடுக அறுத்துத் திறந்தாற்போல் உயரங்கள் தெரிந்தன. கடைசியில் ஒரு சாண் மரத்தில் அறையையே செதுக்கி நம் கையில் வைத்தான். அழகாகவே இருந்தது. ஒரு மனிதரை இத்தனை நுணுக்கமாய் அறிந்த ஒற்றன் நம்மிடம் ஒருவனும் இல்லை என்பதை அப்போது உணர்ந்தோம்.

ஆகவே, அவ்வரைவின் ஒவ்வோர் அளவையும் அவருக்கு ஒவ்வாதபடி மறுதலையாக்கி வரைக என ஆணையிட்டோம்.

செய்யான் நம் காலில் விழுந்தான். "அவர் என்னை நம்பிச் சொன்னவை இவை, பெருமானே. என் கையை வெட்டிவிடுங்கள்" என்று அழுதான். வரைந்தால் உன் வேந்தர் உயிரோடிருப்பார், மறுத்தால் பொழுது சாயுமுன் அவர் தலை உருளும், காரணத்தை அவரிடம் சொன்னாலும் அதுவே நிகழும் என்றோம். ஒன்பது நாளில் வரைந்து முடித்தான். ஒரு பிழையும் இல்லை. பிழையாக வரைய அவன் கைக்குத் தெரியாது.

மேற்கூரை உம் கணவரின் உயரத்திற்கு நான்கு விரற்கடை தாழ்வு. கட்டில், இடத்தோள் மேலன்றி வேறெவ்வாறும் படுக்கவொண்ணாத சுவர்ப்பொந்து. வெயில் காலளவில் வந்து நின்றுவிடும். சுவருக்குப் பின்னே வாய்க்கால் ஓடும் ஒலி கேட்கும், நீர் தெரியாது.

குடிபுகுந்த அன்று வெற்பழகர் உத்தரத்தில் தலை இடித்துக்கொண்டார். சுற்றும் நோக்கினார். பொந்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வாயிலில் நின்ற தச்சனைப் பார்த்து, "செய்யா, நான் சொன்னதில் ஒன்றையும் நீ மறக்கவில்லை" என்றார். அவன் வாய் திறக்கவொட்டாமல் நாம் அருகிலேயே நின்றிருந்தோம். நம் ஆட்சியில் அவ்வளவு இனிய பகல் வேறொன்றில்லை.

சென்ற திங்களில் கதவைத் திறந்து, உமக்கு விடுதலை என்றோம். வெளிக்கூடம்வரை குனிந்தே வந்தார். அங்குள்ள உயர்ந்த விதானத்தை அண்ணாந்து பார்க்க முயன்றார், முதுகு இசையவில்லை. தரையில் அமர்ந்து, தவழ்ந்து சுவரோரம் ஒண்டிக்கொண்டு, "கதவைச் சாத்துங்கள், ஐயா, கதவைச் சாத்துங்கள்" என்று நம் காவலாளியிடம் கெஞ்சினார். தாழ்ந்த கூண்டுள்ள பல்லக்கு ஒன்று செய்வித்த பின்னரே பயணத்திற்கு உடன்பட்டார்.

உம் நெடிய மண்டபங்களில் அவர் உறங்கமாட்டார். சில நாள் பொறுத்துப் பார்ப்பீர், அழுவீர், பிறகு நீரே அதே அறையைக் கட்டச் சொல்வீர். அதற்காகவே வரைவுத்துணிகளைப் பட்டில் சுற்றி இத்துடன் விடுத்தோம். செய்யானும் வருகிறான். அவனைக் கழுவேற்றுவது உம் உரிமை. ஆனால் விரற்கடை பிசகாமல் அவ்வறையைக் கட்ட அறிந்தவன் அவன் ஒருவனே என்பதை நினைவிற் கொள்க.

இவ்வோலையை உம் படைத்தலைவர் அனைவரும் கூடிய அவையில் உரக்கப் படிப்பிக்க. திரண்ட படை ஊர் திரும்புக. பல்லக்குத் திரை விலகும்போது தேவியார் முழந்தாளிட்டுத் தரையளவு தாழ்ந்து நோக்குக. நின்றபடி நோக்கினால் கணவர் முகம் தெரியாது.

இது நம் ஆணை. மலைமுகட்டு வல்லூறு பொறித்த இலச்சினை நம் கையாலேயே இட்டோம்.