உயிரோடு முப்பது எலிகள்

பாப்பாவுக்கு,

உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எலி பிடித்துக் கொடுக்கும் வேலை எனக்கே கிடைத்துவிட்டது!

"எலி பிடிக்கவா படிச்சே?" என்று நான் கேட்டதில்தானே இரண்டு வருடமாக நீ வீட்டுப்பக்கம் வரவில்லை.

சபாக் ஊர்ச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிடித்த முப்பது எலிகளையும், கோழி ஏற்றுவதுபோல ஒரே கூண்டில் அடைத்துக் கொண்டுபோனேன். உன் மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, ஒன்னோட கிருமி இன்னொன்னுக்கு ஒட்டிக்கும் லா! அப்புறம் எந்த எலிக்கு நோய்னு எப்படிச் சொல்றது?"

பிறகு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டுகிறவர்களைக் காய்ச்சலில் படுக்கவைக்கும் கிருமி, எலிச் சிறுநீரில் நூல்போல நெளிகிறது. அசந்துபோனேன். இதையா நீ படித்தாய்!

பேசி முடித்தது இதுதான்: கூண்டுக்கு ஓர் எலி, உயிரோடு, விலை எட்டு வெள்ளி. எடுத்துப்போக நம் கோலசிலாங்கூர் வீட்டுக்கு நீ வந்தால், அத்தனையும் இலவசம்.

அப்பா