என் பேரில் ஓடும் வேன்

தம்பி,

பழுப்புக் கவர் ஒன்று வந்திருக்கிறது. உள்ளே எல்லாம் சிங்களம். பேத்திதான் வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மாயி, ஒங்ககிட்ட வேன் இருக்கா?" என்று கேட்டாள். ரோட்டைத் தாண்டவே அவள் கையைப் பிடிக்கிற என்னிடம்!

கட்டுகஸ்தோட்டையில் மஞ்சள் கோட்டில் ரோட்டைக் கடந்த ஒரு பொம்பளையை வெள்ளை வேன் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. கால் முறிவு. யாரோ நம்பரைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். வண்டிப் புத்தகத்தில் உடைமைக்காரர் என் பேர். வெள்ளிக்கிழமை பொலிசுக்கு வரச் சொல்கிறது கடுதாசி.

அவள் நம்பரை வாசித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஓட்டின வேன்தான்.

உனக்கு வாகன யோகம் இல்லை என்று மடுல்கெல்லையில் சாத்திரம் பார்த்தவர் சொன்னார். அக்கா பேரில் எடுக்கச் சொன்னதும் அவர்தான். நீ சிரித்துக்கொண்டே வந்தாய். "கையெழுத்து மட்டும் போடுக்கா. ராசி ஒன்னோடது, ஸ்டியரிங் என்னோடது." மூணாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக்கூடை தூக்கினவள் நான். என் பேரை முழுசாக எழுதத் தெரியும் என்ற திமிரில் பேப்பர் கிழியுமளவுக்கு அழுத்திப் போட்டேன். நீ பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'அக்கா' என்று எழுதிக்கொண்டு வந்து நிறுத்தினாய். "பின்னாடி வர்றவன் பயந்து தள்ளியே வருவான்" என்று லயத்துச் சனமே சிரித்தது.

ஆறு வருசம் கழித்து, வேனை விற்கிற பேப்பரை நீட்டினாய். வாங்குகிறவர் பேர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

"யாருடா வாங்குறது?"

"ஓப்பன் பேப்பர்க்கா. இப்ப எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க. பேர அவன் பொறவு போட்டுக்குவான்."

போட்டேன். அதே திமிர்தான். வெளியே தங்கப்பல் கட்டின ஒருவன் வேனைச் சுற்றிப் பார்த்து, "இந்த எழுத்து வேணாம்" என்றான். நீ பிளேடை எடுத்துச் சுரண்டினாய். விற்றதற்கு எனக்குக் கோபமில்லை. நான் வாசலில் நிற்க நிற்கச் சுரண்டினாயே, அதற்குத்தான் உன்னோடு பேச்சை விட்டேன்.

மூன்று தரம் வந்தாய். மூன்றையும் மறக்கவில்லை. கடைசித் தரம் நல்ல மழை. கையில் மடித்த கடுதாசி. "அக்கா, வண்டி விசயமா ஒண்ணு சொல்லணும்."

"வண்டின்ற பேச்சே இந்த வாசல்ல வேணாம்" என்று கதவைச் சாத்தினேன்.

"சரிக்கா, கோவம் ஆறினதும் வர்றேன்" என்றாய் வெளியே நின்று. அடுத்த மாசம் உனக்கு நெஞ்சு நின்றுபோனது.

நேற்றுப் பேத்தி என்னை வண்டிக்குப் பேர் மாற்றுகிற வாகனக் கந்தோருக்குக் கூட்டிப்போனாள். புது வண்டி விலைக்குப் பயந்து எல்லாரும் பழசைத்தான் கைமாற்றுகிறார்களாம். நிற்க இடமில்லை. கிளார்க் தம்பி பொறுமையாகத்தான் பேசினார்.

"வாங்கினவர் வந்து கையெழுத்து வச்சாத்தாம்மா பேர் மாறும்."

"அது யாருன்னே தெரியாதே."

"அப்ப வண்டி ஒங்களோடதுதான்."

பின்னால் நின்ற ஒருவன், "இன்னைக்கி வெலைக்கி வேன் வச்சிருக்கிற ஆச்சி பணக்காரிதான்" என்றான். பேத்தி திரும்பி முறைத்ததில் வாயை மூடிக்கொண்டான்.

வரும்போது குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டேன். போகிற வெள்ளை வேன் எல்லாவற்றின் பின்கண்ணாடியையும் பார்த்தபடி நின்றேன். நீ பிளேடு போட்ட கீறல் இருக்கும். கண்டால் தெரியும் எனக்கு. அந்தத் தங்கப்பல் எந்தப் பக்கம், சட்டையில் என்ன கட்டம், எல்லாம் மனதில் கிடக்கிறது. பேர் மட்டும் இல்லை. அது அன்றைக்கு உன் கையில் மடித்த கடுதாசியில் நனைந்துகொண்டிருந்ததோ என்னவோ.

வெள்ளிக்கிழமை கேட்பார்கள், யாருக்கு விற்றீர்கள் என்று. தம்பி சொல்ல வந்தான், நான்தான் கதவைச் சாத்தினேன் என்பேன். அதை எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

கோபம் இன்னும் ஆறவில்லை, தம்பி. ஆனால் கவர் வந்த நாளிலிருந்து வாசல் கதவை நான் சாத்துவதில்லை. சாரல் உள்ளே அடிக்கிறது என்று பேத்தி ஏசுகிறாள்.