மஞ்சள் கரு கரைத்த தொட்டி

இன்று காலை மருமகள் அவித்த முட்டையை இரண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள். வாடை பட்டதும் உன் நினைப்பு வந்துவிட்டது. தட்டைத் தள்ளினேன். ஏன் என்று கேட்டாள், பசியில்லை என்றேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் பழவேற்காட்டில் இருந்த அந்த ஓட்டுக் கொட்டகையை ஆராய்ச்சிக்கூடம் என்று அழைத்தது நான் ஒருவன்தான். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டின் குஞ்சுகள் எதைத் தின்றால் பிழைக்கும் என்று பார்ப்பது என் வேலை. கடல்நீரும், உப்பளத்திலிருந்து பொடி இறாலும் கொண்டுவருவது உன் வேலை. பாசித் தண்ணீர் மட்டும் கொடுத்த தொட்டிகளில் குஞ்சுகள் நாலாம் நாளே செத்து அடியில் படிந்தன. உன் பொடி இறாலைத் தின்றவைதான் தோலுரித்து வளர்ந்தன. இரண்டொரு நாளில் சங்கு தேடியிருக்கும். அது நடந்தால் உன் வேலை நிரந்தரமாகும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் பொடி இறால் தீர்ந்துவிட்டது. அன்று ஏரியில் வலை கட்ட உங்கள் வீட்டுக்குப் பாடு. முறைவைத்து வருவது, விட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அதையும் விட்டுவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பினாய்.

"பாடு இன்னொரு தபா வரும் சார். குஞ்சுங்க பட்டினி கெடக்குதே."

காற்று எதிர்த்ததில் மறுநாள் காலைதான் உன்னால் திரும்ப முடிந்தது. அதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. என் மதியச் சோற்றோடு வந்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்தேன். ஒரு சிட்டிகை போதும் என்று தெரியும். பாவம் பார்த்து முழுதையும் ஊற்றிவிட்டேன். விடிந்தபோது தண்ணீர் கலங்கி நாறியது. ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை.

மேலதிகாரி கேட்டார். "கொண்டுவந்த தண்ணீர் சரியில்லை" என்றேன். பானையோடு பக்கத்தில் நின்ற நீ குனிந்து தொட்டியை முகர்ந்தாய். என்னை ஒருமுறை பார்த்தாய்.

"ஆமா சார், தண்ணிதான். இன்னும் தொலவா போயி மொண்டுகினு வந்திருக்கணும்."

உன் வேலை போனது. என் வேலை இருந்தது.

பிறகு கும்மிடிப்பூண்டியில் ஆலைச் சட்டையோடு உன்னைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "இன்னா சார், குஞ்சுங்க சங்குக்குள்ள பூந்துச்சா?" என்றுதான் கேட்டாய். பூந்தது என்றேன். மற்றதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ கொண்டுவந்தது நல்ல தண்ணீர். இதை உன் மகனிடம் நேரில் சொல்ல வேண்டும். கால் வலிக்கிறது என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.