சூடைக்கு மாவுக்கட்டு

தங்கச்சிமடம், ஞாயிறு

அன்பு மகளுக்கு,

கன்னியர் மடத்தில் முதல் வருஷம் போன் தரமாட்டார்களாமே, அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. உன் நாய்க்குட்டி சூடையைப் பற்றித்தான்.

நீ போனதிலிருந்து அதற்கு நேரமே சரியில்லை. முதலில் தூண்டில் முள் உதட்டில் ஏறியது. பிறகு வலையிலிருந்து கழித்துப் போட்ட கெளுத்தி மீனை மிதித்து, முள் குத்திப் பாதம் வீங்கியது. போன வாரம், பூசைக்கு சிஸ்டர்களை ஏற்றிவந்த உங்கள் சபை வேனைக் கண்டு பாய்ந்தது. நீ அதில் ஏறிப் போனதைப் பார்த்த நாய்தானே. சக்கரம் பின்னங்காலில் ஏறிவிட்டது.

மாட்டாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அதைக் கடிக்காமலிருக்க, பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். சனியன், கதவு கதவாக முட்டுகிறது. "ஓட விடாதீங்க, கட்டிப் போடுங்க" என்றார் டாக்டர். வலைக் கயிற்றில் கட்டினேன்.

இன்று காலை அந்த வேன் மறுபடி வந்து ஹார்ன் அடித்தது. சூடை மருந்து மயக்கத்தில் தலையைக்கூடத் தூக்கவில்லை. உன் அம்மா என் பின்னாலேயே ரோட்டுக்கு வந்தாள்.

"நாயக் கட்டிப் போட்டுட்டு, நீங்க எதுக்கு இங்கன வந்து நிக்கிறீக?"

"காத்து எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

வேனிலிருந்து எல்லாரும் இறங்கி முடிக்கும்வரை பார்த்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது.

உன்னை வா என்று சொல்லவில்லை. உங்கள் மதரிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. அந்த வேன் நம் தெருவுக்குள் ஹார்ன் அடிக்க வேண்டாம். நாய்க்குத் தாங்கவில்லை.

இப்படிக்கு,
உன் அய்யா