செத்த பெட்டிக்குச் சீட்டு

சாயல்குடிக்கு மேற்கே,
கண்மாய்க்கரை வீடு,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஈஸ்வரிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அய்யாவும் நலம், பசுவும் கன்றும் நலம், யாவரும் நலம் என்று எழுத முனைந்தபோது உன் தம்பி அருள்முருகனை நினைத்துப் பேனா நின்றுவிட்டது. உடம்பளவில் அவனும் நலமாகத்தான் இருக்கிறான், மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ நடுநடுவே சரிம்மா, சரிம்மா என்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் சிதறும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நூலகத்து நாளிதழ்களை எழுத்துக்கூட்டிப் படித்துச் சேர்த்துக்கொண்ட தமிழ் என்னுடையது, அதில் ஒரு விஷயத்தை முறையாக எடுத்துரைத்தால்தான் எனக்கு நிறைவு. மிளகாய் இந்த ஆண்டு பரவாயில்லை. மழை பிந்தினாலும் செடி தாங்கிக்கொண்டது, முதல் பறிப்பு களத்தில் காய்கிறது. அய்யாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, தைலம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

இனி செய்திக்கு வருகிறேன். உன் தம்பி உனக்குக் கூரியரில் ஒரு கட்டுத் தாள் அனுப்புவான், இதற்குள் அனுப்பியும் இருக்கலாம். உன் பெயரும் என் பெயரும் அவன் பெயரும் கூட்டுப் பட்டாவில் உள்ள மிளகாய்ப் புஞ்சையை வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெற நீ சம்மதிப்பதாக அதில் கையெழுத்துக் கேட்டிருப்பான். கடன் எதற்கென்றால் சாயல்குடியில் அவன் நடத்தும் கடைக்குக் குளிர்சாதனப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி நிரப்புவதற்கு. அரசு அறிவித்த சீட்டுத் திட்டத்தைப் பற்றி நீயும் அறிவாய். வீட்டிலுள்ள பழைய பெட்டியை ஒப்படைத்தால் ஒரு சீட்டு தருவார்கள், அந்தச் சீட்டோடு புதுப்பெட்டி வாங்கினால் விலையில் ஒரு பெரும் பங்கை அரசே கடைக்குச் செலுத்திவிடும். மக்கள் வாங்கினால் ஆலை ஓடும், ஆலை ஓடினால் வேலை பெருகும், நாட்டின் பொருளாதாரம் நிமிரும் என்று விளக்கம் சொன்னார்கள். கேட்கும்போதே எனக்குள் ஏதோ நெருடியது. கடைக்காரர் தானாக முன்வந்து தரும் தள்ளுபடியையே நான் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். அரசு தரும் தள்ளுபடி என்பதற்காகப் புரட்டிப் பார்க்காமல் விட முடியுமா?

முதலில் விலையைப் பார்த்தேன். ஆவணியில், சீட்டு என்ற பேச்சே இல்லாத காலத்தில், தம்பி கடையில் ஒரு நீலநிறப் பெட்டியின் விலையைக் கேட்டு மனத்தில் வைத்திருந்தேன். சீட்டு வந்த வாரத்திலேயே அந்த நீலப்பெட்டி விலையேறிவிட்டது. என்னப்பா இது என்றேன். இரும்பு வெல ஏறிருச்சும்மா என்றான். அரசு உதவ முன்வந்த அதே வாரத்தில் இரும்புக்கும் ஏறத் தோன்றியது எனக்கு வியப்பாக இருந்தது. சீட்டில் குறைந்ததில் பாதி அப்போதே விலையில் ஏறிவிட்டது. அந்தப் பாதி வாங்கியவருக்கும் போகவில்லை, ஆலையில் வேலை செய்பவருக்கும் போகவில்லை, நடுவில் எங்கோ உட்கார்ந்துவிட்டது. எங்கே என்று கேட்டால் உன் தம்பி கம்பெனியைக் காட்டுகிறான், கம்பெனிக்காரர் இரும்பைக் காட்டுகிறார்.

அடுத்ததாக ஊரில் நடந்ததைக் கேள். பழைய பெட்டி இருந்தால்தானே சீட்டு. நம் பக்கத்தில் கெட்டுப்போன பெட்டியை யார் தூக்கி எறிந்தார்கள்? எலி புகாது என்று நாம் அதில் வற்றல் போட்டு வைத்திருந்தோம், பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் தன் பெட்டியில் கோழியை அடைகாக்க வைத்திருந்தாள். ஒரே வாரத்தில் அவற்றுக்கெல்லாம் மதிப்பு வந்துவிட்டது. கோழியை எழுப்பிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டியே இல்லாதவர்களுக்காகப் பழைய இரும்பு எடுக்கும் தவசி மதுரைப் பக்கமிருந்து லோடு ஆட்டோவில் செத்த பெட்டிகளை ஏற்றிவந்து தெருத்தெருவாக விற்றான். உயிரோடிருக்கும் பெட்டியைக் கூவி விற்றுப் பார்த்திருக்கிறேன், செத்ததைக் கூவி விற்றதை இப்போதுதான் பார்த்தேன். நம் களத்தில் மிளகாய்ப் பழம் பொறுக்க வரும் ராக்கு அவனை நிறுத்தி, ஏலே தவசி, பழசு எதுவானாலும் எடுத்துக்கிருவாகளா, எங்கிட்ட ஒரு பழைய புருசன் கெடக்கான், அதுக்குச் சீட்டு வாங்கிக் குடு என்றாள். தெருவே சிரித்தது. அவன் அசராமல், அதுக்கு மோட்டாரு ஓடாம இருக்கணும்க்கா, ஒன் வீட்டுக்காரரு ராத்திரிக்கு நல்லாத்தான ஓடுறாரு, சாராயக் கடைக்கு என்றான். சிரித்து முடித்தபின் நான் யோசித்தேன். ராக்குவிடம் பழைய பெட்டியும் இல்லை, செத்த பெட்டி வாங்கக் காசும் இல்லை. ஆகவே சீட்டும் இல்லை. ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தவருக்குத்தான் இன்னொன்று கிடைத்தது.

நான் குறையை மட்டும் பார்க்கிறவள் என்று நீ எண்ணிவிடக் கூடாது, ஆகையால் எனக்கு எதிரான செய்தியையும் எழுதுகிறேன். வெள்ளையம்மாளின் மகள் ஜோதிகா சென்னைப் பக்கம் பெட்டி செய்யும் ஆலையில் இருந்தாளே, வேலையில்லை என்று சித்திரையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள், ஐப்பசியில் திரும்ப அழைக்கப்பட்டாள். சீட்டால் வந்த வேலைதான் அது, மறுக்க முடியாது. நான் விலையேற்றத்தைப் பற்றி விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளையம்மாள் புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்துவிட்டு, நீ பேப்பரப் படிச்சுக் குத்தம் கண்டுபிடிச்சுக்கிட்டே இரு மயினி, எம்மவ வீட்டுல இருந்த ஆறு மாசமும் ஒருத்தரும் வந்து என்ன ஏதுன்னு கேக்கல, அந்தச் சீட்டுத்தான் கேட்டுச்சு என்றாள். அதற்கான பதிலை இன்றுவரை தேடுகிறேன். சீட்டு நின்றபின் ஜோதிகாவை மறுபடி அனுப்பிவிடுவார்களோ என்று ஒன்று கேட்கத் தோன்றியது, ஆனால் ஒரு தாயிடம் அதைக் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கேள்வியைத்தான் உன் தம்பியிடம் கேட்டேன். கடையில் கூட்டம் நெரிந்தது உண்மை, மாரியூரிலிருந்துகூட வந்து வாங்கினார்கள். அதைப் பார்த்துக் கம்பெனி ஆள் ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு, என்னை அம்மா அம்மா என்று நொடிக்கொரு முறை அழைத்தார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மொத்தமாக எடுத்தால் கமிஷன் கூடும், சரக்கு வைக்கப் பெரிய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடியுங்கள், அடுத்த ஆண்டு இதைவிட இரண்டு பங்கு ஓடும் என்றார். நான் அருள்முருகனைத் தனியே அழைத்துச் சொன்னேன். நம் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார், பங்குனியில் கல்யாணத்துக்கு வாங்க இருந்தவன் கார்த்திகையிலேயே வாங்கிவிட்டான், இரண்டு ஆண்டு கழித்து வாங்க இருந்தவனும் வாங்கிவிட்டான். சோறென்றால் இன்று உண்டவனுக்கு நாளையும் பசிக்கும், பெட்டி வாங்கிய வீட்டுக்குப் பத்து ஆண்டுக்கு அந்தப் பசி வராது. அடுத்த ஆண்டு கிட்டங்கி நிறையப் பெட்டியை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவாய்? விற்கும் அளவுக்கு மட்டும் எடு, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவரைக் கடையில் வை, இத்தனை பெட்டியும் நாளைக்குப் பழுதாகத்தானே போகிறது என்றேன். மெக்கானிக் கடை வைக்கவாம்மா நான் டிகிரி படிச்சேன் என்றான். உன் அய்யாவோ, ஒன் வியாக்கியானம் முடியிறதுக்குள்ள சீட்டு முடிஞ்சு போகும், பய பொழைக்கட்டும் விடு என்றார். அவருக்குப் பட்டாவில் பெயர் இல்லை, ஆகவே தாராளம்.

இவ்வளவு ஐயத்தோடும் நான் கையெழுத்திடத்தான் இருந்தேன். பெற்ற பிள்ளை கேட்கும்போது எத்தனை நாள் மறுப்பது? தை கடைசியில் வங்கிக்குப் போவதென்று நாள் குறித்தாகிவிட்டது. அந்த வாரம் சாயல்குடிப் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன், எதிரே தவசியின் லோடு ஆட்டோ, அதில் ஒரு பச்சைப் பெட்டி. அதன் கதவில் பிள்ளையார் சுழி. கீழே உன் பெயர். ஆயுத பூஜையன்று நான் பெயின்டால் சுழி போட, நீ எட்டாம் வகுப்பில் அதன்கீழ் உன் பெயரை எழுதி என்னிடம் அடி வாங்கினாயே, அந்தக் கதவு. கார்த்திகையில் உன் தம்பி கடையில் ஒப்படைத்து நாம் சீட்டுப் பெற்ற பெட்டி அது, உடைத்து இரும்பாகப் போயிருக்க வேண்டியது. நேரே கடைக்குப் போனேன். நம்ம பெட்டி எப்படிப்பா தெருவுக்கு வந்துச்சு என்றேன். ஒலகத்துல ஈஸ்வரின்னு ஒருத்திதான் இருக்காளாம்மா என்று சிரித்தான். ஈஸ்வரிகள் ஆயிரம் பேர் இருக்கலாம், ஸ் மேலே புள்ளி வைக்க மறந்தவள் ஒருத்திதான் என்றேன். நீ அன்று அடி வாங்கியது கிறுக்கியதற்காக அல்ல, அந்தப் புள்ளிக்காக, அது உனக்கு நினைவிருக்கும். அவன் சிரிப்பு நின்றது. சரிம்மா, அதுதான், ஒடைக்கிற ஆளுட்ட குடுத்தேன், அவன் அத எங்கன கொண்டுபோயி யாருக்கு விக்கிறான்னு நான் பின்னாடியே ஓட முடியுமா, ஊரு பூராம் இப்பிடித்தான் நடக்கு, யாரு வயித்துல அடிச்சோம், சர்க்கார் காசுதான என்றான். உன் பெயர் எழுதிய பெட்டிக்கு ஏற்கெனவே ஒரு சீட்டு வாங்கியாயிற்று, இப்போது இரண்டாவது சீட்டுக்கு அதை விற்கிறார்கள், ஈஸ்வரி. அதே பெயரைத்தான் மூன்றாம் முறையாக அந்தக் கூரியரில் கேட்கிறார்கள்.

சர்க்கார் காசு என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சர்க்கார் எந்தக் கண்மாய்ப் பாய்ச்சலில் விதைத்துக் காசை அறுத்தது? பொங்கலுக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை வேடிக்கையாக, எங்க சம்பளத்துல பிடிக்கிற வரியிலதான் அத்தை ஒங்க ஊருல எல்லாரும் சில்லுன்னு தண்ணி குடிக்கிறாங்க என்றார். மாப்பிள்ளை என்பதால் அன்று மறுமொழி சொல்லவில்லை. இப்போது மரியாதையுடன் தெரிவிக்கிறேன், சம்பளம் வாங்காதவள் வரி கட்டாதவள் ஆகிவிட மாட்டாள். அய்யாவின் தைலத்தில் வரி உண்டு, நான் வாங்கும் சோப்பில் உண்டு, ராக்கு தேநீரில் நனைத்துத் தின்னும் பிஸ்கட்டிலும் உண்டு. மாப்பிள்ளை பணமும் ராக்குவின் பணமும் ஒரே பானையில் விழுந்து, அதிலிருந்து அள்ளித்தான் நம் செத்த பெட்டிக்கு இரண்டாம் முறையும் கொடுக்கப் போகிறார்கள். அடுத்தவர் வாங்கும் பொருளுக்கு நாமெல்லாரும் பங்கு போடலாமா கூடாதா என்று பெரியவர்கள் வாதிடட்டும். ஜோதிகாவை நினைத்தால் போடலாம் என்றும், தவசியின் வண்டியை நினைத்தால் ஒரு காசும் கூடாது என்றும் எனக்குத் தோன்றுகிறது. எது எப்படியானாலும் பங்கு போட்டவள் தன் பங்கு எங்கே போயிற்று என்று கேட்கலாம். ராக்குவிடம் அதை யாரும் சொன்னதில்லை.

ஆகவே வங்கிக்கு நான் போகவில்லை. குறித்த நாளில் களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தேன். இந்த முடிவு தவறாகவும் போகலாம். அடுத்த ஆண்டும் சீட்டு தொடர்ந்தால், பக்கத்துக் கடைக்காரன் கிட்டங்கி போட்டு மாடி கட்டினால், தம்பியின் பிழைப்பைக் கெடுத்தவள் என்ற பேரை நான் சுமக்க வேண்டும். சுமக்கிறேன். மானாவாரிப் புஞ்சைதான், மழை பொய்த்தால் அதுவும் பொய்க்கும், ஆனால் மிளகாய் வாங்க யாருக்கும் சீட்டுத் தேவையில்லை. நீயும் கையெழுத்திடாதே என்பதே என் கருத்து. உனக்கு வேறு தோன்றினால் எனக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுச் செய், என்னை மீறினாய் என்று நினைக்க மாட்டேன், ஆனால் தாள்களை ஒவ்வொரு வரியாகப் படிக்காமல் மட்டும் செய்யாதே. உன் தம்பி அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. வருகிறான், குளிக்கிறான், போகிறான். கடைக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. நேற்று உன் அய்யா கடையிலிருந்து வந்து, அவன் பழைய பெட்டிகளின் குழாயைத் தானே வாசலில் உட்கார்ந்து அறுத்துப் போடுறான், குழாய் அறுத்ததுக்குச் சீட்டுக் கெடையாது, இனி எவனும் திருப்பிக் கொண்டுவர முடியாது என்றார். கண்ணால் பார்த்தீர்களா என்றேன். பார்க்காமலா சொல்றேன் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மெய்யாகவே பார்த்தாரா, என்னையும் அவனையும் சேர்த்து வைப்பதற்காகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை. நானாகப் போய்ப் பார்க்க மனம் வரவில்லை. பார்த்து அது பொய்யாக இருந்துவிட்டால் என்ன செய்வேன்?

ஞாயிற்றுக்கிழமை அவன் கடை அடைத்திருக்கும் நேரத்தில் நீ அழைத்துப் பேசு. பெட்டியைப் பற்றி, புஞ்சையைப் பற்றி, அம்மா எழுதியதைப் பற்றி எதையும் எடுக்காதே. சாப்பிட்டியாலே என்று கேள். நீ கேட்டால் அவன் பொய் சொல்ல மாட்டான். அவன் சொன்ன விடையை அப்படியே எனக்குச் சொல்.

முண்டு மிளகாய் இரண்டு பை கட்டி வைத்திருக்கிறேன், பேருந்துப் பார்சலில் வரும். வந்ததும் ஒரு வெயில் காயப்போட்டு எடு. மாப்பிள்ளைக்கு என் ஆசி, நான் மேலே எழுதிய மறுமொழியை அவருக்குப் படித்துக் காட்டலாம், தவறில்லை. குறைவின்றி வாழ்வாய், நீ உண்மையில் ஈட்டியதே உன்னிடம் தங்கட்டும், உன் வாசலில் நல்லோர் வந்து நிற்கட்டும்.

இங்ஙனம்,
உன் நலத்தையே எண்ணியிருக்கும் அம்மா,
உ. முருகலட்சுமி