பால்காரி நாடகத்துக்குச் சம்மதம்

காஜா பேராங்,
மலாக்கா.
7-7-1957

அன்புள்ள தம்பி தெய்வநாயகத்துக்கு உன் அக்காள் நாகம்மா எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், மாடு மூன்று, கன்று ஒன்று, எல்லோரும் சுகம். குளுவாங்கில் நீயும் உன் ரயிலும் தடம் புரளாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத்து கோணிக்கொண்டு போனால் சிரிக்காதே. மூன்றாம் வகுப்போடு கீழே வைத்த பேனாவை இன்றைக்குத்தான் எடுக்கிறேன். மாட்டு மடியைப் பிடிக்கிற கையில் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. நாலு தாள் கிழித்தாகிவிட்டது. மச்சானிடம் எழுதச் சொல்லலாம் என்றால், அக்காள் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று நீ உத்தரவு போட்டிருக்கிறாயாமே. பெரிய ஜட்ஜு!

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பால் வாங்க வந்த கருணாகரன் வாத்தியார் தூக்குவாளியை நீட்டாமல் நின்றுகொண்டே இருந்தார். என்ன வாத்தியாரே, நேற்றுப் பாலில் ஈ கிடந்ததா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை நாகம்மா, ஒரு சங்கதி, கோபப்படக்கூடாது என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் என்னிடம் பயந்து பயந்து பேச வேண்டிய சங்கதி ஒன்றே ஒன்றுதான். நீ எழுதிய பால்காரி நாடகம்.

சுதந்திரம் வருகிறதல்லவா, அதற்காக ஆகஸ்டு பதினேழாம் தேதி தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகப் போட்டி வைக்கிறார்களாம். மற்றப் பள்ளிகளில் ராஜா ராணி என்று இப்போதே ஜிகினா ஒட்டுகிறார்கள். நம் வாத்தியாருக்கு மட்டும் நம் ஊர்க் கதைதான் வேண்டுமாம். ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் கண்டிப்பானவர்கள். நாடகத்தை எழுதினவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் மேடை ஏற முடியாது. அவரைக் கேட்காமல் ஒரு வரியைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வாத்தியார் உன்னைக் கேட்டதற்கு, அக்காளுக்குக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அவள் விடுவித்தால்தான் தருவேன் என்று பதில் போட்டாயாம்.

மறக்கவில்லை நீ. நானும் மறக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கோயில் திருவிழாவில் முன் வரிசையில் பாயை விரித்து, என் தம்பி எழுதிய நாடகம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது காட்சியில் பாக்கியம் என்று ஒரு பால்காரி வந்தாள். என்னைப் போலவே சேலையைச் சொருகியிருந்தாள். குழாயடியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பால் பாத்திரத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள். ஜனங்கள் மேடையையா பார்த்தார்கள்? என்னைத்தான் பார்த்துச் சிரித்தார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு நான் எழுந்து நடந்தேன், நீ நாடகத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தாய். நீ வாயைத் திறப்பதற்குள் மாரியம்மன் சந்நிதியில் கற்பூரத்தைக் கொளுத்தி, இந்த நாடகத்தை இனி எந்த மேடைக்கும் தரமாட்டேன் என்று உன்னை அணைக்க வைத்துவிட்டேன். மறு மாதமே நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். இப்போதெல்லாம் தீபாவளிக்கு இன்ஸ்பெக்டர் மாதிரி வருகிறாய், சாப்பிடுகிறாய், மதிய பஸ்ஸில் ஏறுகிறாய்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு உனக்கு எங்கே தெரியும்? செட்டிக் கம்பத்து சீதா அக்காள் தலைமுறையாக மலாய் பேசுகிற செட்டி வீட்டுக்காரி, தமிழே வராது. அவள்கூட இரண்டு வருஷம் வாசலில் நின்றுகொண்டு, சூசூ சம்போர் ஆயேர், தண்ணீர் கலந்த பாலே, இன்றைக்குப் பால் எத்தனை, தண்ணீர் எத்தனை என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள். நாடகப் பேச்சை எடுத்தால் அந்த வீட்டுக்குப் பால் கிடையாது என்று நான் சொன்ன பிறகுதான் ஊர் அடங்கியது.

சரி, பிள்ளைகள் முகத்துக்காகச் சம்மதிக்கிறேன். ஆனால் அந்தக் குழாயடிக் காட்சி வேண்டாம். அதை எடுத்துவிடச் சொல்லி உன் கையால் எழுது. பாக்கியமாக நடிக்கப்போகிற மல்லிகா ஆறாம் வகுப்புப் பிள்ளை. நான் எப்படி நடக்கிறேன் என்று பார்ப்பதற்குத் தினமும் கொட்டகைக்கு வருகிறாள். நேற்றுப் பால் கறந்து பார்த்து உதை வாங்கினாள். அழவில்லை. என் வேஷத்துக்குப் பொருத்தம்தான்.

மச்சானுக்கு முழங்கால் வலி. நான் கூப்பிட்டால் மட்டும் வலிக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்காள் நாகம்மா


காஜா பேராங்,
மலாக்கா.
21-7-1957

அன்புள்ள தம்பிக்கு அக்காள் மறுபடியும் எழுதுவது. எல்லோரும் சுகம். போன கடிதத்தை அடுப்பில் போடு. குழாயடிக் காட்சியை எடுக்கச் சொல்லி நீ இதற்குள் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் போடு.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் மல்லிகா நோட்டுப் புத்தகத்தோடு வந்து, நாகம்மாக்கா, நீங்க வேலையப் பாருங்க, நான் பாடம் பண்றேன் என்று வைக்கோல் கட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் மடியைப் பிடித்தபடி இருந்தேன். குழாயடிக் காட்சி முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். போதும், வீட்டுக்குப் போடி என்றேன். ஐயோ அக்கா, இன்னும் ஒரு காட்சி இருக்கே, அதுதானே நல்லா இருக்கும் என்றாள். மாட்டை விட்டு எழுந்து போக முடியாது. கேட்க வேண்டியதாகிவிட்டது.

சப்பான்காரன் காலத்துக் கதையாமே அது? முதல் காட்சியிலேயே சொல்லியிருக்கிறாய். என் சேலைச் சொருகலைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்தே போயிற்று! கடைசிக் காட்சியில் தெருவே கூடிப் பாக்கியத்தை மறிக்கிறது. ஏன் தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்கிறது. அவள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொல்கிறாள்: மாட்டையெல்லாம் பிடித்துக்கொண்டு போனான், ஒன்றைத்தான் விட்டு வைத்தான். பால் ஒரு படி, பிள்ளை பதினொன்று, எந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகச் சொல்கிறீர்கள்?

மல்லிகா அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மாட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பாத்திரம் வழிந்துவிட்டது. ஏன் அக்கா என்று கேட்டாள். ஈ, கண்ணுக்குள் போய்விட்டது என்றேன்.

இப்படி நான் எப்போதாவது சொன்னேனா, இல்லை நீயாகச் சேர்த்தாயா? எனக்கு நினைவில்லை. சப்பான்காரன் போன பிறகும் பழக்கத்தில் கொஞ்ச நாள் ஊற்றினேன். அதை எழுதாமல் விட்டாயே, அந்த மட்டும் புண்ணியம். நான் இன்னும் ஒரு காட்சி உட்காராததற்கு ஆறு வருஷமாக உன்னையல்லவா தண்டித்திருக்கிறேன். நீயும் ஒரு மடையன். சத்தியம் பண்ணுவதற்கு முன்னால், அக்கா, இன்னும் ஒரு காட்சி இருக்கு என்று அந்தப் பிள்ளையைப் போலக் கத்தியிருக்கக்கூடாதா?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சத்தியம் வாங்கினவளே அதே இடத்தில் கற்பூரம் ஏற்றி விடுவித்துவிட்டதாகச் சொன்னால் போதும் என்றார் குருக்கள். சொல்லிவிட்டேன். நீ இனிமேல் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வாத்தியாருக்கு அனுப்பு. முப்பதாம் தேதி தாண்டிவிட்டால் மல்லிகா என் மாட்டை விட நன்றாக உதைப்பாள். குழாயடிக் காட்சி இருக்கட்டும். பாக்கியம் என்ற பேரையும் எடுத்துவிட்டு நாகம்மா என்றே போடச் சொல். எல்லோருக்கும் தெரிந்ததற்கு எதற்குப் பொய்ப் பேர்?

ஆனால் நாடகத்தில் ஒரு தப்பு இருக்கிறது. நான் அளந்தது வீட்டுக்கு ஒன்றாகப் பத்துப் பிள்ளைகளுக்குத்தான். பதினொன்று என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பதினொன்றாவது பிள்ளை யார்? பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன பதின்மூன்று வயதுப் பையன் ஒருத்தன் இருந்தானே, எலும்பும் தோலுமாக, அவனை நாடகத்தில் எங்கேயும் காணோமே? வளைவில் திரும்பியதும் பாத்திரத்தில் வாய் வைப்பான். குறைந்ததற்குக் குழாயடியில் தண்ணீர் பிடிப்பான். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? முதல் நாளே சீதா அக்காள் வந்து சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து நான் ஊற்றுகிற தண்ணீரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். திருவிழாவில் அத்தனை பேர் சிரித்தபோதும் அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

அந்தப் பையனை நாடகத்தில் சேர்க்க வேண்டும். ஒரு வரி போதும். வாத்தியாரைக் கேட்டேன். எழுதினவர்தான் சேர்க்கலாம், நாமாகத் தொடக்கூடாது என்கிறார். அதனால் சம்மதத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்த ஒரு வரியை நீயே நேரில் கொண்டு வா. பிள்ளைகள் பாடம் பண்ண வேண்டும், போட்டிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. மச்சான் உனக்குக் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருக்கிறார். முழங்கால் வலிக்கவில்லையாம்.

மாரியம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். போட்டி நடக்கிற மண்டபத்தில் இந்த முறை பாய் இல்லை, நாற்காலியாம். முன் வரிசையில் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். கடைசி வரைக்கும் நான் எழுந்திருக்கமாட்டேன். நீயும் மதிய பஸ்ஸுக்கு எழுந்து போகாதே.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்காள் நாகம்மா