கிளாக் கார்டும் பள்ளிப்பட்டு பஸ்ஸும்

5 ஜூலை 2004, திங்கள்

வெயில். மத்தியானம் கரண்ட் கட். ரெக்கார்டிங் ரூம்ல விசிறி இல்லாம உக்காந்து கன்வர்ட்டர் பொட்டியோட பின்பக்கத்தக் கழட்டினேன்.

மெட்ராஸ்ல ஸ்டூடியோவ மூடினவங்ககிட்ட வாங்கின பொட்டி. பாட்டை நம்பரா மாத்தி ரெக்கார்டருக்கு அனுப்பும். நம்பரைத் திரும்பப் பாட்டா மாத்தி ஸ்பீக்கருக்குத் தரும். வெளிநாட்டுச் சரக்கு, குத்தம் சொல்ல முடியாது. கூடுதல் கார்டு சொருக ஒரே ஒரு ஸ்லாட்தான் காலி. போடக்கூடியது:

– இன்புட் கார்டு. மைக் இன்னும் சேர்க்கலாம். நாதஸ்வரம் தனி, தவில் தனி.
– யு.எஸ்.பி. கார்டு. நேரா கம்ப்யூட்டருக்கு.
– கிளாக் கார்டு. புதுசா ஒரு சத்தமும் சேராது. பொட்டியையும் ரெக்கார்டரையும் ஒரே கடிகாரத்துல ஓட வைக்கும், அவ்ளோதான்.

ஆசை என்னவோ இன்புட் கார்டு மேலதான். ஆனா காவடிப் பாட்டு முழுக்க அங்கங்க 'டிக்'. ரெண்டு மிஷினுக்குள்ளயும் தனித்தனி கடிகாரம். துளி விலகினாலும் டிக். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்துல சி.டி. விக்கணும்னு பஜனை கோஷ்டிக்காரர் உயிரை எடுக்கிறார். கிளாக் கார்டுதான்.

சோறு, தயிர், ஊறுகா. ருசி தெரியல.

6 ஜூலை, செவ்வாய்

மூட்டம். மழை இல்ல.

முரளிக்கு போன். என் பொண்டாட்டி குமுதாவோட தம்பி. மெட்ராஸ்ல பார்ட்ஸ் கடையில வேலை. "கார்டு இருக்குது பாவா. வியாழக்கெழமை ஊருக்குப் போறப்ப இறங்கிக் குடுத்துட்டுப் போறேன்." அக்கா எப்படி இருக்குதுன்னு நான் கேக்கல. அவனும் சொல்லல.

குமுதா பள்ளிப்பட்டுல, அவங்க அம்மா வீட்டுல. ஏழாம் மாசத்துல குழந்தை போய்டுச்சி. ஆஸ்பத்திரியில இருந்து நேரா அங்க கூட்டினு போய்ட்டாங்க. போனப்புறம் நானும் ஒரு வார்த்தை பேசல, அவளும் பேசல.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸு அவ வயித்து மேல குழந்தையோட துடிப்பு கேக்கற ஒரு பொட்டிய வெச்சாங்க. வெறும் இரைச்சல். எனக்கு அந்த இரைச்சல் தெரியும். மைக் நல்லா இருக்குது, எதிர்ல யாரும் இல்லைன்னா வர்றது. டாக்டர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. குமுதா என் மூஞ்சியப் பாத்துகினு இருந்தா. நான் சொல்லல.

அழுகை வரல. பல்லு புடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்குது, ஒடம்பு மொத்தமும்.

அம்மா: "நீயா போயி நிக்காத. அவங்க சொல்லி அனுப்பட்டும். மாப்பிள்ளைன்னு ஒரு மரியாதை இருக்குதுல்ல." ஆங்னேன்.

அடுத்த வாரம் ஆடி. பொறந்துட்டா பொண்ண அனுப்ப மாட்டாங்க. அப்புறம் ஆவணி. அதுக்குள்ள வரவே வேணாம்னு அவ முடிவு பண்ணிட்டா என்ன பண்றது. பயமா இருக்குது.

ஸ்க்ரூ டிரைவர் சின்னது வாங்கணும்.

8 ஜூலை, வியாழன்

சாயங்கால ரயில்ல முரளி. கார்டு, கேபிள் ரெண்டு, அவங்க அம்மாவுக்கு மைசூர்பா.

கார்டை மாட்டியாச்சு. பொட்டிக்கும் ரெக்கார்டருக்கும் போக ஒரு கேபிள், வர ஒரு கேபிள். ஆன் பண்ணா சத்தமே இல்ல. முன்னாடி டிக்காவது வந்துகினு இருந்துச்சு. ரெண்டுலயும் சிவப்பு லைட்டு அணைஞ்சி அணைஞ்சி எரியுது. கேபிள மாத்தினோம். துடைச்சோம். முரளி தட்டிக்கூடப் பாத்தான். ஒண்ணும் இல்ல.

கோஷ்டிக்காரர் வாசல்ல: "முருகன் பாட்டுங்க, வெளாட்டு இல்ல." போயிட்டு வாங்கன்னு கதவ சாத்திட்டேன். முரளிக்குப் படுக்க பாய்.

9 ஜூலை, வெள்ளி

காலையில ரெண்டு புஸ்தகத்தையும் எதிர் எதிரா வெச்சிப் படிச்சேன். கார்டு புஸ்தகம் சொல்லுது, பொட்டிய 'வெளி கடிகாரம்'னு வைக்கணும், எதிர் மிஷின் சொல்ற நேரத்துக்கு ஓடும்னு. ரெக்கார்டர் புஸ்தகமும் அதே: ரெக்கார்டர 'வெளி கடிகாரம்'னு வைக்கணும். நான் ரெண்டு பேச்சையும் கேட்டிருக்கேன். நல்ல புள்ள.

முரளி சிரிச்சான். "ரெண்டும் அது சொல்லட்டும், அது சொல்லட்டும்னு குந்திகினு இருக்குது பாவா. எங்க ஊட்டு கத."

என்ன கதன்னு கேட்டேன்.

"எங்கம்மா என்ன சொல்லுது? மாப்பிள்ளையே வந்து கூப்பிடட்டும், நாமளா கொண்டாந்து உட்டா பொண்ண தள்ளி உட்டா மாதிரின்னு சொல்லுது. நீயா போயி எதுவும் பேசாதடான்னு எனக்கு ஆர்டர் வேற."

"அக்கா?"

"பஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு வருது. கேட்டா துணி காயப்போட வந்தேன்னு சொல்லுது. கையில துணி இல்ல."

நான் சிரிக்கல. பொட்டிய மட்டும் 'உள் கடிகாரம்'னு மாத்தினேன். லைட்டு நின்னு எரிஞ்சுது. பாட்டு வந்துச்சு. முரளி டீ குடிச்சிட்டு பஸ்ஸுக்குப் போய்ட்டான். ஞாயித்துக்கெழமை வர்றேன்னு அவன்கிட்ட சொல்லி அனுப்பல.

10 ஜூலை, சனி

எல்லாப் பாட்டும் திரும்ப எடுத்தோம். தலையில இருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். ஒரு டிக் இல்ல. சந்தோஷப்படணும். கோஷ்டிக்காரர் பட்டார்.

11 ஜூலை, ஞாயிறு

தூறல். அம்மாகிட்ட சட்டை போட்டப்புறம்தான் சொன்னேன். "யாரு கூப்பிட்டாங்க?" யாரும் கூப்பிடல, போறேன்னேன். அம்மா உள்ள போயி ஒரு சீப்பு வாழப்பழம் கொண்டாந்து பையில வெச்சாங்க.

பஸ் நின்னப்ப குமுதா வாசல்ல. கையில துணி இல்ல. இளைச்சிருக்கா.

அவங்க அம்மா காபி போடப் போனாங்க. எதிர் எதிரா உக்காந்துகினு இருந்தோம். நானே சொன்னேன்: "அன்னைக்கு நர்ஸு அந்தப் பொட்டிய வெச்ச உடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. உங்கிட்ட சொல்லல."

அவ என் பக்கம் திரும்பினா.

"எனக்குக் காலையிலயே தெரியும். அசைவு இல்ல. ஆஸ்பத்திரி போற வரைக்கும் உங்களுக்காவது தெரியாம இருக்கட்டும்னு பேசாம வந்தேன்."

காபி ஆறிப்போச்சு. அவ துணிப்பைய எடுத்துகினு வந்தா. போலாமான்னு யாரும் கேக்கல.

பஸ்ல ஜன்னல் சீட்டு அவளுக்கு. ஊரு தாண்டறதுக்குள்ள எனக்கு அழுகை வந்துடுச்சி. அவளுக்கும். கண்டக்டர் ரெண்டு தடவ சில்லறை கேட்டான்.